பழைய கருவியும் புதிய கணிப்பொறியும்

(முன்னாள் மாணவர், வேதியியல் துறை)

எங்கள் ஊரின் பெயர் காவேரிப்பட்டினம். பெயரைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் இது காவிரிக் கரையில் இருக்கும் ஊர் என்றே எண்ணிக்கொள்வார்கள். சற்றுப் படித்தவர்களோ பூம்புகாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். உண்மையில் எங்கள் ஊர் வழியே ஓடுவது தென்பெண்ணை. அது கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி அணையைக் கடந்து எங்களிடம் வந்து சேர்கிறது. ஊரின் பெயரை வைத்து ஆற்றைச் சொல்ல முடியாதது போலவே, ஒரு பொருளின் பெயரை வைத்து அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தப் பிரித்துப் பார்க்கும் தொழிலில்தான் என் வாழ்நாளில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

நம் கல்லூரியில் வேதியியல் பயின்று 1983-ஆம் ஆண்டு வெளியேறிய நான், அடுத்த ஆண்டே ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்நாளில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் அன்று. தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதி. 2004-ஆம் ஆண்டுதான் தனி மாவட்டமாயிற்று. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் முகமே மாறிக்கொண்டிருந்த காலம் அது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒவ்வோர் ஆலையாக எழும்பின. பெரிய ஆலமரத்தின் அடியில் சிறு செடிகள் முளைப்பது போல, அவற்றை அண்டிச் சிறு தொழில்களும் சோதனைக் கூடங்களும் தோன்றின. பிறர் கொண்டுவரும் மாதிரிகளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு சோதித்துச் சான்று தரும் அத்தகைய ஒரு சிறிய ஆய்வகத்தில்தான் நான் பணியாற்றினேன்.

மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி பேராசிரியர் கேட்டபோது, பழைய ஆய்வுக் கருவியொன்றைக் கணிப்பொறியுடன் இணைத்த எங்கள் அனுபவத்தையே எழுதலாம் என்று தோன்றியது. இன்று கணிப்பொறி இல்லாத இடமில்லை. ஆனால் ஆய்வகக் கருவிகளோ எல்லா இடத்திலும் புதியவை அல்ல. உறை போட்டு மூடி வைக்கப்பட்ட பழைய கருவிகள் நம் நாட்டுக் கல்லூரிகளிலும் சிறு ஆய்வகங்களிலும் எத்தனையோ உள்ளன. அவற்றை உயிர்ப்பிக்க என்ன வேண்டும், உயிர்ப்பித்த பின் எதில் கவனம் வேண்டும் என்பதை மாணவர்கள் அறிந்துகொண்டால் அதுவே இக்கட்டுரையின் பயன்.

வண்ணங்களில் தொடங்கிய கலை

வண்ணப்பிரிகை முறையைக் கண்டவர் மிகையில் ட்ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலார். 1903-ஆம் ஆண்டு வார்சா நகரில் தம் முறையை முதலில் எடுத்துரைத்தார். சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் இலைச்சாற்றை ஊற்றி, அதன்மேல் பெட்ரோலிய ஈதரை வடியவிட்டார். பச்சை நிறமாய் இருந்த சாறு, இறங்க இறங்கப் பச்சையாகவும் மஞ்சளாகவும் பல பட்டைகளாகப் பிரிந்து நின்றது. இம்முறைக்கு அவர் 1906-இல் இட்ட பெயரே குரோமட்டோகிராபி.

இதன் தத்துவம் எளியது. சந்தைக்கு நான்கு பேர் ஒன்றாகப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எந்தக் கடையிலும் நிற்காமல் நடக்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்கிறார். சந்தையின் மறுமுனைக்கு அவர்கள் வந்து சேரும் நேரம் வேறுவேறாகத்தானே இருக்கும்? அதுபோலவே, குழாயில் உள்ள நிலையான பொருளின்மேல் அதிகப் பற்றுள்ள கூறு தாமதமாகவும், பற்றுக் குறைந்த கூறு விரைவாகவும் வெளிவரும். வெளிவரும் நேரம் அது இன்னது என்று காட்டும். வெளிவரும் அளவு அது எவ்வளவு என்று காட்டும்.

ட்ஸ்வெட்டுக்குப் பிறகு நெடுநாள் இம்முறை பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1941-இல் இங்கிலாந்தில் மார்ட்டின், சிஞ் என்ற இருவரும் இதற்குப் புதிய வடிவம் கொடுத்தார்கள். 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே 1952-இல் மார்ட்டினும் ஜேம்ஸ் என்பவரும் வாயுவை ஓடவிட்டுப் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். வாயு வண்ணப்பிரிகை பிறந்தது. அதில் வண்ணமே கிடையாது. பெயரில் மட்டும் வண்ணம் தங்கிவிட்டது.

வண்ணம் இல்லையென்றால் வெளிவருவதை எப்படி அறிவது? அதற்கென்று குழாயின் முடிவில் ஓர் உணர்வி இருக்கும். ஒருவகை உணர்வியில் ஹைட்ரஜன் சுடர் எரிந்துகொண்டிருக்கும். கரிமப் பொருள் அதில் வந்து எரியும்போது அயனிகள் தோன்றி மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகும். லவ்லாக் என்ற ஆங்கில அறிவியலார் 1957-இல் கண்ட இன்னொரு வகை, எலெக்ட்ரானைப் பற்றிக்கொள்ளும் பொருள்களை, குறிப்பாகக் குளோரின் கலந்த பூச்சிக்கொல்லிகளை, வியக்கத்தக்க நுட்பத்துடன் காட்டிக்கொடுக்கும். எந்த வகையானாலும் கடைசியில் கருவியின் பின்புறத்துத் திருகுகளில் வந்து நிற்பது சிறிய மின்னழுத்தம் ஒன்றே. கருவி பேசும் மொழி முழுவதும் அந்த ஏற்ற இறக்கத்தில் அடங்கியிருக்கிறது.

கத்தரிக்கோலும் தராசும்

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்த மொழியை எழுதிக்கொள்ளக் கணிப்பொறி இல்லை. ரெக்கார்டர் என்ற பெட்டி இருந்தது. அதில் கட்டம் போட்ட தாள்சுருள் மெல்ல நகரும். மை நிரப்பிய பேனா ஒன்று மின்னழுத்தத்திற்கு ஏற்ப இடமும் வலமுமாக நகர்ந்து கோடு போடும். ஒரு கூறு வெளிவந்தால் கோடு மலைபோல் எழுந்து இறங்கும். அதை நூலில் முகடு என்பார்கள். ஆய்வகத்தில் நாங்கள் பீக் என்போம்.

முகட்டின் பரப்புத்தான் பொருளின் அளவு. பரப்பை எப்படி அளப்பது? உயரத்தை, பாதி உயரத்தில் உள்ள அகலத்தால் பெருக்குவது ஒரு வழி. மற்றொரு வழியைக் கேட்டால் இன்றைய மாணவர்கள் சிரிப்பார்கள். முகட்டின் இரு பாதங்களையும் இணைத்துப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, முகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, வேதியியல் தராசில் நிறுப்போம். தாளின் எடை பரப்புக்கு நேர்விகிதம் அல்லவா? மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்துக் கனக்கும் என்பதால், மாதிரியின் தாளையும் ஒப்பிடும் திட்டக் கரைசலின் தாளையும் ஒரே நாளில் வெட்டி நிறுப்பது எங்கள் வழக்கம். நிறுத்த துண்டுகளை உறையில் போட்டு நோட்டில் ஒட்டி வைப்போம்.

அந்த வேலை மெதுவானதுதான். ஆனால் ஒன்று கற்றுக்கொடுத்தது. விடை கருவியிலிருந்து மட்டும் வருவதில்லை. அடிக்கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கும் மனிதனிடமிருந்தும் பாதி விடை வருகிறது.

பின்னாளில் இன்டெக்ரேட்டர் என்ற சிறு மின்னணுப் பெட்டிகள் வந்து, பரப்பைத் தாமே கணக்கிட்டு வெப்பத்தாளில் அச்சடித்துக் கொடுத்தன. வசதியான பொருள். ஆயினும் அந்த வெப்பத்தாள் நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் வெளுத்துப்போகும். பழைய கோப்பைத் திறந்தால் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும்.

ரெக்கார்டர் ஓய்ந்தது

எங்கள் ஆய்வகத்தின் நடுமேசையில் இருந்த வாயு வண்ணப்பிரிகைக் கருவி நான் சேருவதற்கு முன்பே வந்தது. நான் சொன்ன இரண்டு வகை உணர்விகளும் அதில் இருந்தன. இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2003-ஆம் ஆண்டு அதன் ரெக்கார்டர் ஓய்ந்தது. பேனாவை நகர்த்தும் மோட்டார் நின்றுவிட்டது. பெங்களூரில் தேடியும் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை, தாள்சுருளும் அரிதாகிவிட்டது. புதிய கருவியோ பல லட்சம்.

மேலாளர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "பல்லு போன மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எதுக்குப்பா? எடைக்குப் போட்டுடலாம்."

எங்கள் ஆய்வகத்துக்கு மின்பழுது பார்க்க வந்துபோகும் அண்ணன் ஒருவர் உண்டு. கெலமங்கலத்துக்காரர். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். படித்தது ஐ.டி.ஐ.தான், ஆனால் மின்சாரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் கருவியின் பின்னால் குனிந்து, ரெக்கார்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளைக் கழற்றி, தம் மல்டிமீட்டரை வைத்துப் பிடித்தார். "ஊசியைப் போடு தம்பி" என்றார். ஹெக்சேன் ஒரு துளிக்கும் குறைவாக ஊசியில் எடுத்துச் செலுத்தினேன். சிறிது நேரத்தில் மீட்டரின் எண்கள் ஏறின, உச்சிக்குப் போயின, மெல்ல இறங்கின.

"மாட்டுக்கு ஒண்ணும் ஆகலை. வண்டி அச்சுதான் முறிஞ்சிருக்கு" என்றார் அண்ணன்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இது. ஆய்வுக் கருவியில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. குழாயை மாற்றலாம், உணர்வியைத் துடைக்கலாம், அடுப்பின் வெப்பத்தைச் சீராக வைக்கலாம். முதலில் சாவது எழுதும் கைதான். ரெக்கார்டரானாலும் அதன் பின் வந்த கணிப்பொறியானாலும் இதே கதைதான். எழுதும் கையை மாற்றிக்கொண்டால் கருவி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டு கம்பிகளின் கதை

கணிப்பொறிக்கு மின்னழுத்தம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எனவே இடையில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பெட்டி ஒன்று வேண்டும். இதைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் நுட்பம் இருக்கிறது.

அண்ணன் முதலில் ஒரு பழைய கணிப்பொறியில் இருந்த பன்னிரண்டு பிட் அட்டையைப் பொருத்திக் காட்டினார். பன்னிரண்டு பிட் என்றால் மொத்த உயரத்தை 4096 படிகளாகப் பிரிக்கும் என்று பொருள். ஒரு வோல்ட்டை அப்படிப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறையக் கால் மில்லிவோல்ட். பெரிய முகடுகள் அழகாக வந்தன. சிறிய முகடுகள் மாடிப்படி போல வந்தன. அதனினும் சிறியவை காணாமலே போயின. நாங்கள் தேடுவதோ பெரும்பாலும் அந்தச் சிறியவற்றைத்தான். பிறகு பெங்களூரில் இருபத்து நான்கு பிட் பெட்டி ஒன்று கிடைத்தது. அது அதே ஒரு வோல்ட்டை 1,67,77,216 படிகளாகப் பிரிக்கும். மின்னிரைச்சல் கடைசிச் சில படிகளை விழுங்கிவிடும் என்றாலும், மிஞ்சியதே எங்களுக்குத் தாராளம்.

இரண்டாவது, எந்தத் திருகிலிருந்து கம்பி எடுப்பது என்பது. அக்காலக் கருவிகள் பலவற்றில் இரண்டு வெளியீடுகள் இருக்கும். ரெக்கார்டருக்கென்று சில மில்லிவோல்ட் அளவில் ஒன்று. இன்டெக்ரேட்டருக்கென்று ஒரு வோல்ட் அளவில் மற்றொன்று. முகட்டைச் சிறிதாக்கிக் காட்டும் குறைப்புத் திருகு பொதுவாக ரெக்கார்டர் வெளியீட்டை மட்டுமே பாதிக்கும். கணிப்பொறிக்கு இன்டெக்ரேட்டர் வெளியீடே ஏற்றது.

மூன்றாவது, இரைச்சல். கம்பியை இணைத்தவுடன் திரையில் தெரிந்தது முகடு அன்று. சீப்பின் பல் போன்ற நடுக்கம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது அல்லவா? அத்துடிப்பு கம்பியில் ஏறிக்கொண்டது. கம்பிகள் இரண்டையும் முறுக்கி, உலோகக் கவசம் போட்ட கேபிளாக மாற்றினோம். கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த்துடன் சேர்த்தோம். இரு முனையிலும் சேர்த்தால் எர்த்துக்கும் எர்த்துக்கும் இடையிலேயே மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். மேலும், ஒவ்வோர் எண்ணையும் நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குச் சராசரி எடுக்கும்படி வைத்தோம். அந்த நேரத்தில் மின்சாரம் சரியாக ஐந்து துடிப்பு முடித்துவிடும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட, முகடு தெளிந்து நின்றது.

நான்காவது, வேகம். ஒரு முகட்டை உண்மையாக வரைய இருபது புள்ளிகளாவது வேண்டும். முகட்டின் அகலம் இரண்டு நொடி என்றால் நொடிக்குப் பத்து எண் தேவை. அதைவிடக் குறைத்தால் உச்சி மழுங்கும். அளவுக்கு மீறிக் கூட்டினாலோ இரைச்சல்தான் கூடும்.

ஐந்தாவது, தொடக்கம். கூறு வெளிவரும் நேரமே அதன் அடையாளம் என்றேன். ஊசி போட்ட நொடியும் கணிப்பொறி எண்ணத் தொடங்கும் நொடியும் ஒன்றாக இருந்தால்தான் அந்த அடையாளம் செல்லும். ஆகவே ஊசி செலுத்தும் வாய்க்கு அருகிலேயே ஓர் அழைப்புமணிப் பொத்தானைப் பொருத்தி, அதன் இரு கம்பிகளைப் பெட்டியின் தொடக்க முனையில் இணைத்தோம்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. டார்ச்சு பேட்டரியிலிருந்து மின்தடைகளின் வழியே தெரிந்த மின்னழுத்தங்களை எடுத்து, மீட்டரும் கணிப்பொறியும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்த்தோம். பிறகு ஒரே திட்டக் கரைசலை ஆறு முறை செலுத்தினோம். ஆறு பரப்புகளும் நூற்றுக்கு இரண்டு வித்தியாசத்துக்குள் அடங்கின. எடைக்குப் போக இருந்த கருவி மறுநாளே மாதிரிக்குத் தயாரானது. மேலாளர் அண்ணனுக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

இன்டெக்ரேட்டர் நல்ல நிலையில் உள்ள ஆய்வகங்களுக்கு வேறு ஒரு வழியும் உண்டு. அதன் பின்னால் ஆர்.எஸ்.232 என்ற தொடர்முனை இருந்தால் நேராகக் கணிப்பொறியோடு பேச வைக்கலாம். ஒருவர் பேசும் கம்பி மற்றவர் கேட்கும் கம்பியில் சேர வேண்டும். ஒன்பது ஊசி முனையில் இரண்டும் மூன்றும் குறுக்காகவும், ஐந்தும் ஐந்தும் நேராகவும் இணையும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் பேசும்படி அமைத்துவிட்டால் எண்கள் வரிவரியாக வந்து விழும். இன்றைய கணிப்பொறிகளில் அந்த முனை இல்லாவிட்டாலும், யு.எஸ்.பி.க்கு மாற்றும் சிறு கம்பி கடைகளில் கிடைக்கிறது.

கோடு யார் கையில்?

இதுவரை சொன்னது கம்பிகளைப் பற்றி. இனிச் சொல்லப்போவதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. எங்கள் காவேரிப்பட்டினத்துப் பக்கம் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி, பீப்பாய்களில் அடைத்து, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் ஆலைகள் உண்டு. பருவம் வந்தால் எங்கள் தெருப் பெண்கள் பலர் அங்கே பழம் நறுக்கப் போவார்கள். என் அத்தை மகளும் போய்வந்தாள்.

பூச்சிக்கொல்லி எச்சத்துக்குத் தனி வரம்பு குறிக்கப்படாத இடங்களில் ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டன் கூழில் பத்து மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பிலும் மிகக் குறைவு. 2010-ஆம் ஆண்டு பருவத்தில், எங்கள் பக்கத்து ஆலை முதலாளி ஒருவர், அனுப்புவதற்கு முன் தாமே தெரிந்துகொள்ளலாம் என்று கூழ் மாதிரியை எங்களிடம் கொண்டுவந்தார். பழைய கருவியும் கணிப்பொறியும் சேர்ந்து சொன்ன விடை 0.013.

முதலாளியும் அவர் மகனும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். மகன் பொறியியல் படித்த பிள்ளை. திரையை உற்றுப் பார்த்தான். முகடு, சரிந்து இறங்கும் ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

"அங்கிள், கீழே இருக்கிற அந்தக் கோட்டை மவுஸாலே கொஞ்சம் மேலே தூக்கினா 0.009 வந்துடும் இல்லே?" என்றான்.

அவன் சொன்னது கணக்குப்படி சரி. தந்தையார் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீ நம்ம ஊர்ப் பையன். உள்ளே நாப்பது பொம்பளைங்க வேலை செய்யறாங்க. உனக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியும். அதனாலேயே அந்த நிமிடம் கனத்தது. "அண்ணா, இன்னொரு தடவை முதல்லேர்ந்து செஞ்சு பார்த்துடறேன். நாளைக்கு வாங்க" என்றேன்.

அன்றிரவு புதிதாக இரண்டு முறை சாறு பிரித்தெடுத்தேன். மாதிரியே சேராத வெறும் கரைப்பானையும், தெரிந்த அளவு நஞ்சு சேர்த்த நல்ல கூழையும் உடன் ஓட்டினேன். எல்லாவற்றுக்கும் அடிக்கோட்டை ஒரே விதிப்படி போட்டேன். வெறும் கரைப்பானில் அந்த இடத்தில் முகடு இல்லை. மாதிரியில் 0.012, மறுபடி 0.013. காலையில் அச்சிட்ட தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தேன். முதலாளி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அந்தக் கூழ் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. அந்த அளவுக்கு இடம் தரும் வேறு சந்தைக்குக் குறைந்த விலையில் போயிற்று. ஆலையில் பத்து நாள் வேலை நின்றது. அத்தை மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவில் எதிரே வந்த முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆண்டு பருவத்துக்கு முன்பு அவர் மகன் மட்டும் வந்தான். இம்முறை கூழ் அன்று. தோட்டம் தோட்டமாகப் பறித்துப் பெயர் எழுதிய பைகளில் பழங்கள். கூழாக்கும் முன்பே பார்த்துவிடலாம் என்றான்.

மாணவ நண்பர்களே, பென்சிலால் போட்ட கோட்டை அழித்தால் தாளில் தழும்பு தெரியும். கத்தரித்த துண்டு நோட்டில் ஒட்டியிருக்கும். கணிப்பொறித் திரையில் கோட்டை நகர்த்தினால் தழும்பே இல்லை. பழைய கருவியைக் கணிப்பொறியுடன் இணைக்கிறவர் அறிந்தோ அறியாமலோ இந்தத் தழும்பை நீக்கிவிடுகிறார். இதை உணர்ந்துதான் அமெரிக்க உணவு மருந்துத் துறை 1997-இலேயே மின்னணுப் பதிவுகளுக்கென்று தனி விதி செய்தது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற சுவடு பதிவில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விலையுயர்ந்த புதிய மென்பொருள்கள் இச்சுவட்டைத் தாமே வைத்துக்கொள்கின்றன. நாமே இணைத்த பழைய கருவிக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் நான்கு வழக்கங்களை வைத்துக்கொண்டோம். அடிக்கோடு போடும் விதியை மாதிரி ஓட்டுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுவது ஒன்று. கருவியிலிருந்து வந்த எண்கள் முழுவதையும், கோடு போடுவதற்கு முன் இருந்தபடியே, அன்றைக்கே திருத்த முடியாத தகட்டில் படியெடுத்து வைப்பது இரண்டு. கோட்டை மாற்ற நேர்ந்தால் பழைய படம், புதிய படம் இரண்டையும் அச்சிட்டு, காரணத்தையும் எழுதுவது மூன்று. மாற்றியவர் அல்லாத இன்னொருவர் அதைப் பார்த்துக் கையொப்பமிடுவது நான்கு. இவற்றுக்குப் பணம் செலவில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

எண்களைச் சேமிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மென்பொருள்கள் கருவிகளைவிட விரைவில் மூப்படைகின்றன. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அதன் நிறுவனம் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்தியது. ஒரு மென்பொருளுக்கு மட்டுமே புரியும் கோப்பாக வைத்தால், அது போகும் நாளில் பத்தாண்டு உழைப்பும் பூட்டிய பெட்டியாகிவிடும். நேரம் ஒரு பத்தி, மின்னழுத்தம் ஒரு பத்தி என்று சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு படி வைத்திருந்தால் எந்தக் கணிப்பொறியும் படித்துக்கொள்ளும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று இவ்வேலை எங்கள் காலத்தைவிட எளிது. இத்தாலியில் 2005-இல் தோன்றிய ஆர்டுயினோ போன்ற சிறு மின்பலகைகளும், எண்ணாக்கும் சில்லுகளும் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். வேதியியல், இயற்பியல், கணிப்பொறி மாணவர்கள் மூவர் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடிக்கக்கூடிய வேலை. வண்ணப்பிரிகைக் கருவி இல்லாவிட்டால் நிறமானியில் தொடங்குங்கள். அமிலத்தன்மை அளக்கும் மீட்டரில் தொடங்குங்கள். பின்புறத்தில் ரெக்கார்டர் என்று எழுதிய இரண்டு திருகுகள் இருந்தால் அதுவே வாசல்.

எச்சரிக்கையும் வேண்டும். கருவியின் மேல்மூடியைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். உயர் மின்னழுத்தம் அங்கே உண்டு. ஹைட்ரஜன் கசிகிறதா என்று சோப்பு நீரால் பார்த்த பிறகே சுடரை ஏற்றுங்கள். எலெக்ட்ரான் பற்றும் உணர்விகளில் பலவற்றுள் கதிரியக்க நிக்கல் இருக்கிறது. அதை எவரும் தாமாகத் திறக்கக் கூடாது. எடைக்குப் போடவும் கூடாது.

முதல் முகடு திரையில் எழும்போது மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சியோடு அச்சிட்ட தாளின் கீழே நாளும் நேரமும் குறித்து, உங்கள் பெயரை முழுதாக எழுதிக் கையொப்பமிடுங்கள். இணைப்பு வேலை அதன் பிறகே முடிந்ததாகக் கொள்ளுங்கள்.